அத்தையை யார் பார்த்துக்கொள்வது?

சிங்கப்பூரில் ஒன்பது வருடம் இருந்தோம். 2018 ஜனவரியில் ஸ்வீடன் வந்தோம், கோத்தன்பர்க் நகரம். கும்பகோணத்துக்கு லீவில் போகும்போது பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “அங்கெல்லாம் வயசானவங்கள ஹோம்ல தள்ளிருவாங்களாமே?” சிங்கப்பூரிலிருந்து போனபோது ஒருவரும் இதைக் கேட்டதில்லை. சிங்கப்பூர் அவர்கள் கணக்கில் நம்ம பக்கம், குடும்பம் குட்டியோடு வாழ்கிற ஊர். ஸ்வீடன் என்றால் ஆளுக்கொரு பக்கம்.

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. மாமியாரை வைத்துப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் விஷயம் புரிபட்டது. அதனால் இதை அத்தையின் கதையாகவே சொல்கிறேன்.

2010ல் எங்களுக்கு சிங்கப்பூர் நிரந்தரவாசம் கிடைத்தது. அடுத்த வருடம் யீஷூன் வட்டாரத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அரசு கட்டும் அடுக்குமாடி) மறுவிற்பனை வீடு தேடினோம். பிடித்த வீடு ஒன்று, எட்டாவது மாடி, காற்றோட்டம். முகவர் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, “இந்த புளோக்கில் இந்தியர் கோட்டா நிரம்பிவிட்டது” என்றார். எந்த இனத்தவரும் ஒரே இடத்தில் குவிந்துவிடக் கூடாது என்று 1989ல் கொண்டுவந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை அது. இந்தியருக்கும் மற்றவருக்கும் சேர்த்து ஒரு புளோக்கில் 15 சதவீதம், வட்டாரத்தில் 12 சதவீதம். அது நிரம்பிவிட்டால் சீனர் ஒருவர் தன் வீட்டை இந்தியருக்கு விற்க முடியாது. இந்தியர் இந்தியருக்கு விற்கலாம். சென்னையில் “நீங்க என்ன ஆளுங்க?” என்று சுற்றிவளைத்துக் கேட்டு வீடு மறுக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அரசாங்கமே இனத்தைக் கேட்டு, கணக்குப் போட்டு, வெளிப்படையாகச் சொன்னது அதிர்ச்சியா ஆறுதலா என்று இன்றுவரை தெரியவில்லை. இரண்டு புளோக் தள்ளி வேறு வீடு கிடைத்தது. எங்கள் மாடியில் ஒரு மலாய்க் குடும்பம், மூன்று சீனக் குடும்பம், நாங்கள். ஹரி ராயாவுக்கு (ரம்ஜான்) மலாய் வீட்டிலிருந்து பலகாரம் வரும், தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும். இதைத்தான் விளம்பரங்களில் காட்டுவார்கள். ஆனால் உண்மையாகவே நடந்தது.

2014ல் மகள் பிறந்தபோது அத்தை வந்தார். நிரந்தரவாசியின் தாயாருக்கு நீண்டகால வருகை அனுமதி கிடைத்தது. வேலை அனுமதியில் இருக்கும் நண்பர்களுக்கு அது அவ்வளவு எளிதில்லை. இன்றைய விதிப்படி அவர்கள் பெற்றோரை வரவழைக்க வேண்டுமென்றால் மாதச் சம்பளம் 12,000 வெள்ளியாவது (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும். குடும்பமே சமுதாயத்தின் அடித்தளம் என்று சொல்லும் நாட்டில் அந்த அடித்தளத்துக்கும் சம்பள வரம்பு உண்டு.

கிண்டலுக்காக மட்டும் சொல்லவில்லை. ‘குடும்பமே அடித்தளம்’ என்பது அங்கே அரசு ஆவணத்தில் எழுதப்பட்ட வாசகம். 1991 ஜனவரியில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் ஐந்து பொது விழுமியங்களை வரையறுத்தார்கள். தனிமனிதனை விட சமுதாயம் மேல், குடும்பமே அடிப்படை அலகு, சச்சரவை விட இணக்கம் என்று போகும் அந்தப் பட்டியல். மேற்கத்திய தனிமனிதப் போக்கு இளையவர்களைத் தொற்றிவிடும் என்ற கவலையில் பிறந்தது அது.

நானும் இதை நம்பினேன். கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சீன அங்கிள்தான் முதலில் உலுக்கினார். அத்தைக்கும் அவருக்கும் பொது மொழி கிடையாது, ஆனால் தினமும் மாலையில் கை காட்டிக்கொள்வார்கள். ஒருநாள் என்னிடம் சொன்னார்: மகனை நடுவர் மன்றத்துக்கு இழுத்திருக்கிறாராம், மாதப் பணம் கேட்டு. அப்படி ஒரு மன்றம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பெற்றோர் பராமரிப்புச் சட்டம், 1995. நியமன நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வால்டர் வூன் என்ற சட்டப் பேராசிரியர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தது. 60 வயதைக் கடந்த, தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்பு கேட்டு வழக்குப் போடலாம். சிறு வயதில் பிள்ளையைக் கைவிட்ட தகப்பனாக இருந்தால் பிள்ளையும் எதிர்வாதம் வைக்கலாம்.

அன்று இரவு அவரிடம் (என் வீட்டுக்காரரை நான் அப்படித்தான் சொல்வேன்) இதைச் சொன்னபோது, “அது ரத்தத்துலயே இருக்கிற பண்புன்னா, சட்டம் எதுக்கு?” என்றார். நியாயமான கேள்வி. சட்டம் மட்டுமா? பெற்றோர் வீட்டுக்குப் பக்கத்தில் வீடு வாங்கும் சிங்கப்பூரர்களுக்கு 2015லிருந்து 20,000 வெள்ளி மானியம். கூடவே தங்கினால் பிறகு 30,000 ஆக்கினார்கள். அப்புறம், யாரும் அதிகம் பேசாத இன்னொன்று: இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பணிப்பெண்கள். இந்தோனேசியாவிலிருந்தும் பிலிப்பீன்ஸிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வந்தவர்கள். எங்கள் புளோக்கில் சக்கர நாற்காலியில் இறங்கி வரும் பாட்டிகளில் மகனோ மருமகளோ தள்ளிக்கொண்டு வந்ததை நான் பார்த்த தடவைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். தள்ளியவள் தன் சொந்த அம்மாவை ஜாவாவில் யாரிடமோ விட்டுவிட்டு வந்தவள். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்பது அவர்களுக்குச் சட்டமானதே 2013ல்தான்.

நாங்களும் ஒரு பணிப்பெண் வைத்திருந்தோம். யோக்கியம் போல் எழுத எனக்கு உரிமை இல்லை.

சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது அத்தை வரவில்லை. குளிர், வயது என்று காரணம் சொன்னோம். உண்மைக் காரணம் விசா. இதை முன்கூட்டியே விசாரிக்காதது எங்கள் தவறு. வேலைக் கடிதத்தில் சம்பளத்தையும் ஊரையும் பார்த்தோமே தவிர, பெற்றோருக்கு வழி உண்டா என்று பார்க்கவில்லை. ஸ்வீடனில் குடும்பம் என்றால் கணவன் அல்லது மனைவி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். வளர்ந்த பிள்ளையின் தாய் அந்தக் கணக்கில் வருவது அபூர்வம். வழக்கமாக அவருக்குக் கிடைப்பது 90 நாள் சுற்றுலா விசா, அதற்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. மேற்கே போக யோசிக்கிறவர்கள் இதை முதல் நாளே பாருங்கள். வீட்டு வாடகை, பள்ளிக்கூடம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

2019 கோடையில் அத்தை அந்த 90 நாளுக்கு வந்தார். வந்த மூன்றாவது வாரம் மகளின் பாலர் பள்ளியிலிருந்து போன். ஐந்து வயது. சாப்பிட அடம்பிடித்த இன்னொரு குழந்தையிடம் இவள், “சாப்பிடலன்னா அடி விழும், எங்க பாட்டி அடிப்பாங்க” என்று ஸ்வீடிஷ் மொழியில் சொல்லியிருக்கிறாள். அத்தை அவளை அடித்ததே இல்லை. நம்மூரில் ‘அடி விழும்’ என்பது ‘சாப்பிடு கண்ணு’ என்பதன் இன்னொரு உச்சரிப்பு. அதை அவர்களுக்கு எப்படி விளக்குவது? குழந்தை பாதிக்கப்படுவதாகச் சந்தேகம் வந்தாலே சமூக நலத் துறைக்குத் தெரிவிப்பது பள்ளி ஊழியர்களின் சட்டக் கடமை. அவர்களுக்கு வேறு வழியில்லை. தெரிவித்தார்கள்.

பத்து நாள் தூக்கமில்லை. குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. நடந்தது ஒரே ஒரு சந்திப்பு. அதிகாரி எங்களிடமும், மகளிடம் தனியாகவும் பேசினார். எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கோப்பை மூடினார்கள்.

அன்று அந்த அதிகாரி சொன்ன ஒரு தகவல் எனக்கு முக்கியமாகப் பட்டது. பிள்ளைகளை அடிப்பதை உலகிலேயே முதலில், 1979ல் தடை செய்தது ஸ்வீடன். அதற்கு முந்தைய தலைமுறை வரை இங்கேயும் அடிதான். சட்டம் வந்தபோது ஒவ்வொரு வீட்டுக்கும் சேதி போக வேண்டும் என்பதற்காகப் பால் அட்டைப்பெட்டியில் அச்சடித்தார்களாம். காலையில் பால் ஊற்றும்போது அப்பாவும் படிப்பார், பிள்ளையும் படிக்கும். மேற்கத்தியப் பண்பு என்று நாம் நினைப்பது என் வயதுகூட ஆகாத சட்டமாக இருந்துவிடுகிறது. இது மட்டுமில்லை, மருத்துவரையும் மேலதிகாரியையும் பெயர் சொல்லி ‘நீ’ என்று கூப்பிடும் வழக்கமும் 1960களின் கடைசியில் வந்ததுதான். 1967ல் மருத்துவ நிர்வாகத் துறைக்குத் தலைவராக வந்த ப்ரோர் ரெக்செட், எல்லோரையும் ‘நீ’ என்றுதான் அழைக்கப் போகிறேன் என்று அறிவித்ததை இன்றும் சொல்கிறார்கள். அதற்கு முன் பட்டம், பதவி எல்லாம் சொல்லித்தான் பேச வேண்டும். நம்மூர் கலெக்டர் ஆபீஸ் மாதிரி. எனக்கு மட்டும் இன்னும் வாய் வரவில்லை. என் மேலாளருக்கு 61 வயது; அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் ஒரு ‘சார்’ சேர்த்துக்கொள்கிறேன்.

சரி, அத்தையிடம் வருவோம்.

எங்களுக்கு மேல்வீட்டில் ஒரு பாட்டி, அப்போது 82 வயது, தனியாக இருந்தார். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் நகராட்சியிலிருந்து சைக்கிளில் வந்து குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார்கள். மகன் ஞாயிற்றுக்கிழமை வருவார், ஒரு மணி நேரம் காபி, கிளம்பிவிடுவார். அத்தைக்கு இது தாங்கவில்லை. “பெத்த மவன் ஊருல இருக்கான், எவனோ வந்து குளிப்பாட்டுறான்” என்று புலம்பினார். ரசம் வைத்து எடுத்துக்கொண்டு மேலே போனார், என்னை மொழிபெயர்க்க இழுத்துக்கொண்டு.

பாட்டி ரசத்தை வாசம் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். அத்தை கேட்கச் சொன்னதைக் கொஞ்சம் மழுப்பிக் கேட்டேன்: மகன் வந்து பார்த்துக்கொண்டால் நன்றாக இருக்குமே? அவர் சிரித்தார். “என்னைக் குளிப்பாட்டுகிறவன் என் மகனாக இருந்தால், அவன் முகத்தைப் பார்த்து நான் எப்படிச் சண்டை போடுவது?” என்றார். நான் அத்தையிடம் சொன்னேன். அத்தை வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. படி இறங்கும்போது, “சண்டை போடுறதுக்காகவா புள்ள?” என்றார்.

ஸ்வீடனின் அரசியல் தத்துவமே அந்தப் பாட்டியின் பதிலில் இருக்கிறது. அது அவருடைய தனிப்பட்ட குணம் என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகுதான் லார்ஸ் ட்ரெகோர்ட் என்ற வரலாற்றாசிரியர் இதற்கு ‘அரசுசார் தனிமனிதவாதம்’ என்று பெயரிட்டிருப்பதைப் படித்தேன். மனைவி கணவனையும், பிள்ளை அப்பாவையும், முதியவர் பிள்ளையையும் எதிர்பார்த்துக் கையேந்தாமல் இருந்தால்தான் அன்பு அன்பாக இருக்கும், அந்தச் சுமையை அரசு ஏற்கட்டும் என்பது சாரம். 1971ல் கணவன் மனைவிக்குத் தனித்தனி வருமான வரி. 1974ல் பிள்ளைப்பேறு விடுப்பு அப்பாவுக்கும். இன்றைக்கு ஒரு குழந்தைக்கு 480 நாள். அதில் 90 நாள் அப்பாவுக்கு, 90 நாள் அம்மாவுக்கு என்று ஒதுக்கீடு. ஒருவர் எடுக்காவிட்டால் அந்த நாள்கள் போயே போய்விடும், மற்றவருக்குக் கொடுக்க முடியாது. முதியோர் பராமரிப்பு பிள்ளையின் சட்டக் கடமை இல்லை, நகராட்சியின் கடமை. வீட்டுக்கு வந்து செய்யும் உதவிக்கு மாதக் கட்டணம் எவ்வளவு உயர்ந்தாலும் 2,600 குரோனரை ஒட்டி ஓர் உச்சவரம்பு உண்டு. இதற்கெல்லாம் விலை? என் சம்பளத்தில் சுமார் 32 சதவீதம் உள்ளாட்சி வரியாகப் போகிறது. அந்தப் பாட்டியைக் குளிப்பாட்டுவதில் எனக்கும் பங்குண்டு என்று அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. இந்த ஏற்பாட்டைக் கட்டியவர்கள் இதற்கு வைத்த பெயர் ‘மக்கள் இல்லம்’. 1928ல், பின்னாளில் பிரதமரான பெர் ஆல்பின் ஹான்சன் நாடாளுமன்றத்தில் பேசும்போது, நல்ல வீட்டில் செல்லப்பிள்ளையும் கிடையாது, மாற்றாந்தாய்ப் பிள்ளையும் கிடையாது என்ற பொருளில் நாட்டையே ஒரு வீடாகச் சொன்னார். தனிமனிதம் பேசுகிற ஸ்வீடன் தன் அரசைக் குடும்பம் என்கிறது. குடும்பம் பேசுகிற சிங்கப்பூர், ஆளுக்கொரு மத்திய சேமநிதிக் கணக்கு திறந்து உன் முதுமையை நீயே சேமித்துக்கொள் என்கிறது. கிழக்கு, மேற்கு என்று கோடு போட்டுப் பேசுகிறவர்களிடம் நான் இப்போது கேட்பது ஒன்றுதான்: பாட்டிக்குக் குளியல் யார் செலவில்?

1994ல் சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ ஓர் அமெரிக்க இதழுக்குக் கொடுத்த பேட்டி பிரபலம். குடும்பம் சிறப்பாகச் செய்யக்கூடியதை அரசு செய்ய முயல்வது கிழக்கின் வழக்கமில்லை என்றார். அதே வருடம் அதே இதழில் தென் கொரியாவின் கிம் டே ஜுங் பதில் எழுதினார். அவர் அப்போது அதிபர் ஆகவில்லை. ஆசிய மரபிலேயே ஜனநாயகத்தின் வேர் உண்டு, கொடுங்கோலனை மக்கள் இறக்கலாம் என்று பழைய சீன ஞானி மென்சியஸ் சொல்லியிருக்கிறார் என்று வாதாடினார். கூடவே, குடும்பத்தில் தலையிடமாட்டோம் என்கிற அரசுதான் மெல்லும் கோந்துக்கும் எச்சிலுக்கும் சட்டம் போடுகிறது என்று ஒரு குத்து. இரண்டு பேருமே ஆசியர்கள். ‘ஆசியப் பண்பு’ என்ன என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்பதை இந்த விவாதத்தைப் பேசுகிறவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அரசியலையும் கண்ணால் பார்க்கும் சந்தர்ப்பம் 2022 செப்டம்பரில் வந்தது. மூன்று வருடம் பதிவு பெற்று வாழ்ந்தாலே, குடியுரிமை இல்லாமல் நகராட்சி, வட்டாரத் தேர்தல்களில் ஓட்டுப் போடலாம். வாக்காளர் அட்டை தபாலில் வந்து விழுந்தது. சிங்கப்பூரில் ஒன்பது வருடம் வரி கட்டியும் ஓட்டு இல்லை. அங்கே குடிமக்களுக்குக் கட்டாய ஓட்டு, நிரந்தரவாசிக்குக் கிடையாது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, பெரும்பாலான நாடுகளில் அப்படித்தான். ஆனால் அட்டை கையில் வந்ததும் கொஞ்சம் கண் கலங்கியது உண்மை.

தேர்தல் சமயத்தில் சதுக்கத்தில் கட்சிகள் சின்னச் சின்ன மரக் குடிசைகள் போடுவார்கள், ஒன்றை ஒன்று ஒட்டி. உள்ளே காபி. திட்டுவதும் கோஷமும் ஒலிபெருக்கியும் எதுவும் காணோம். நானும் மகளும் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். குடியேறிகளைக் குறைக்க வேண்டும் என்கிற ஸ்வீடன் ஜனநாயகவாதிகளின் குடிசையிலும் நுழைந்தோம். என்னைப் பார்த்ததும் அந்த இளைஞன் ஒரு நொடி திகைத்தான், பிறகு காபி ஊற்றினான், மகளுக்கு மிட்டாய். அந்தக் கட்சி அந்தத் தேர்தலில் 20.5 சதவீதம் வாங்கி இரண்டாம் இடம் பிடித்தது. ‘சச்சரவை விட இணக்கம்’ என்று சிங்கப்பூரின் பட்டியலில் இருந்த வரி அந்தச் சதுக்கத்துக்கும் பொருந்தும் என்று தோன்றியது. இணக்கமான குரலில் கடுமையான விஷயமும் சொல்லலாம் என்பதும்.

ஸ்வீடனைத் தூக்கிப் பிடிக்கவும் மனம் வரவில்லை. 2020ல் கொரோனா வந்தபோது முதியோர் இல்லங்களில் சாவு குவிந்தது. முதியவர்களைக் காக்கும் முயற்சி தோற்றுவிட்டது என்று அரசே நியமித்த ஆணையம் அந்த டிசம்பரில் சொன்னது. மேல்வீட்டுப் பாட்டி பல மாதம் மகனைப் பால்கனியிலிருந்து பார்த்துக் கையசைத்தார். எங்கள் மகன் பிறந்ததும் அந்த வருடம்தான். என் வீட்டுக்காரர் தன் பங்கு விடுப்பில் ஏழு மாதம் வீட்டில் இருந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலில் நின்று பாட்டிக்குக் காட்டுவார். அத்தை வீடியோவில், “ஆம்பள வேலைக்குப் போவாம வீட்டுல இருந்தா ஆபீசுல என்ன நினைப்பாங்க?” என்று மாதாமாதம் கேட்டார். எடுக்காவிட்டால்தான் ஏதாவது நினைப்பார்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனது.

2023ல் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு. அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, ஊரில் இருக்கும் கொழுந்தனாருக்கும் எங்களுக்கும் பேச்சு வார்த்தை தடித்தது. பணம் நீ, கவனிப்பு நான், எத்தனை நாளைக்கு என்ற பேச்சு. அதற்கு முன்பே அத்தை வீட்டைக் கொழுந்தனார் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதியிருந்தார். பாசத்தில் எழுதினது, ஒரு நிபந்தனையும் இல்லை. நம் நாட்டிலும் 2007லேயே மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்துவிட்டது. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம், கவனிக்காத பிள்ளைக்கு எழுதிய பத்திரத்தையும் ரத்து செய்யலாம். ஆனால் ‘என்னைப் பராமரிக்க வேண்டும்’ என்ற வரி பத்திரத்திலேயே இருந்தால் வழி சுலபம். எழுதித் தரும் பெற்றோருக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லுங்கள், அசிங்கம் என்று நினைக்காதீர்கள். எங்களுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. கொழுந்தனார் நல்லவர்தான், களைத்துப் போயிருந்தார்.

கடைசியில் செய்தது யீஷூனும் கோத்தன்பர்க்கும் கலந்த ஒன்று. காலை மாலை வந்து குளிப்பாட்டி விட்டுப்போக ஒரு பெண். சம்பளம் எங்களுடையது, வாரம் ஒரு நாள் லீவு உண்டு. மருத்துவமனை அலைச்சல் கொழுந்தனார். மாதக் கணக்கை இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒரு தாளில் எழுதுகிறோம். ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது, அம்மாவுக்குச் செலவு செய்ததைக் கணக்கு எழுதுவதா என்று. எழுதத் தொடங்கிய பிறகு போனில் குரல் உயரவில்லை.

அத்தைக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை. “கையி முரடு” என்கிறார். மேல்வீட்டுப் பாட்டி சொன்னதை ஒருமுறை நினைவுபடுத்தினேன். “அவங்க அவங்க ஊருல சொன்னாங்க” என்று முடித்துவிட்டார்.

இங்கே வருடத்துக்கு 25 நாள் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி உண்டு. அதில் 20 போக மீதியை ஐந்து வருடம் வரை சேர்த்து வைக்கலாம். என் வீட்டுக்காரர் சேர்த்து வைத்திருந்தார். இந்த மார்கழியிலிருந்து ஏழு வாரம் கும்பகோணத்தில் அம்மாவோடு. போன வாரம் போனில் சொன்னபோது அத்தை கேட்ட முதல் கேள்வி, “சம்பளத்துல பிடிப்பாங்களா?”

பிடிக்க மாட்டார்கள் என்றார்.

“அப்ப அந்த ஊரு பரவால்ல” என்றார் அத்தை.